காத்து இறங்கின மெத்தை

அன்றைக்குக் காலையில் மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். உள்ளங்கை மேலே பார்த்தபடி, மெதுவாக. என் வீட்டுக்காரரின் இடுப்பெலும்பு நேராக வந்து என் கையில் உட்கார்ந்தது.

அப்படி உட்காரக் கூடாது. எலும்புக்கும் கைக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போட வருகிற நர்ஸம்மா முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தார். "கையில எலும்பு தட்டுச்சுன்னா மெத்தையில காத்து இல்லன்னு அர்த்தம்மா. அசட்டையா விட்டுட்டா புண்ணு உள்ளுக்குள்ள போயிடும்."

கால்மாட்டில் பம்ப் பெட்டி வழக்கம்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் மெத்தை, ஆறின பூரி மாதிரி தொங்கிக் கிடந்தது.

"என்ன ஸ்டெல்லா?" என்றார். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது.

"ஒண்ணுமில்லங்க. கொஞ்சம் காத்து இறங்கின மாதிரி இருக்குது."

"எனக்கா, மெத்தைக்கா?"

நான் போய்ப் பம்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன்.

இந்தத் தொடரைப் போன வாரங்களில் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியசாமி. மழை பெய்த ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் வண்டி சறுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாது. "உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா வரலாம். அதுவரைக்கும் உக்காந்து பழகணும், அதுதான் முதல் படி" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

உட்கார்வதற்குச் சக்கர நாற்காலியும் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தோம். அதற்குள் முதுகடியில் படுக்கைப் புண் வந்தது. புண் மூடாமல் உட்காரக் கூடாது. புண் மூட வேண்டுமென்றால் மெத்தையில் காற்று நிற்க வேண்டும். எங்கள் வீட்டு நம்பிக்கை முழுக்க அந்த ஒரு பிளாஸ்டிக் மெத்தையில் கிடந்தது.

போகிறது ஒன்றுதான்

மத்திகிரியில் நாங்கள் இருக்கிற லைன் வீடுகளில் 'காத்து போச்சு' என்ற பேச்சு இல்லாமல் ஒரு நாளும் விடியாது.

டவுன் பஸ் வராவிட்டால், "வழியில காத்து இறங்கியிருக்கும்." ஆட்டோ கிளம்பாவிட்டாலும் அதே பேச்சு. பிள்ளைகள் பந்தை முள்வேலியில் அடித்துவிட்டு அழுதுகொண்டு வருவதும் அதற்குத்தான். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று காலையில் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போன பையன் மத்தியானம் திரும்பும்போது, "என்னடா, காத்து போன டியூப் மாதிரி வர்ற?" என்று கேட்பார்கள். பெரிய பேச்சு பேசுகிறவனை யாராவது ஒரு வார்த்தையில் மடக்கிவிட்டால், "காத்தைப் புடுங்கி விட்டுட்டாங்க" என்று லைன் முழுக்கச் சிரிக்கும்.

பக்கத்து வீட்டு ரத்னம்மாவுக்குக் கன்னடம். அவர் "காளி ஹோய்த்து" என்பார். என் வீட்டுக்காரருடைய கம்பெனிக் கூட்டாளி கோவிந்தராஜ் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர்களுக்கு "காலி போயிந்தி." எந்தப் பாஷையில் சொன்னாலும் சொல்கிறவர் முகம் ஒரே மாதிரிதான் தொங்கும்.

காற்று போகிறது என்றால் கெட்டது என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெத்தை வந்த அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் வேறு மாதிரி சொன்னார்.

"இது சாதா மெத்தை இல்ல ஸ்டெல்லா. நல்லாப் பாரு. ஒரு வரிசை உப்பும்போது பக்கத்து வரிசை இறங்குது. அப்புறம் அது உப்பும், இது இறங்கும். இறங்குற இடத்துலதான் என் சதைக்கு ரத்தம் ஓடும். இறங்கறதுதான் வைத்தியம்."

"அப்ப காத்து போறதும் நல்லதுதானா?"

"முறை வச்சுப் போனா நல்லது. முறை தவறிப் போனா லீக்கு."

காது வேலை

இவருக்கு இதெல்லாம் தெரியும். கம்பெனியில் இவர் பார்த்த வேலையே அதுதான். அங்கே மிஷின் எல்லாம் காற்றில்தான் ஓடுமாம். கம்ப்ரஸரில் இருந்து குழாய் குழாயாகக் காற்று போகும். எங்கேயாவது மூட்டில் கசிந்தால் மிஷின் சோர்ந்துவிடும்.

மிஷின் ஓடுகிற நாளில் கசிகிற சத்தம் கேட்காது. அதனால் வார லீவு அன்றைக்கு எல்லா மிஷினையும் நிறுத்திவிட்டு, குழாயில் மட்டும் காற்றை விட்டு, இவரும் கோவிந்தராஜும் ஒரு மக்கில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக நடப்பார்கள். முதலில் காது, அப்புறம் சோப்பு. சந்தேகப்பட்ட இடத்தில் நுரையைத் தடவினால் குமிழி கிளம்பும்.

அந்தக் காது கோயிலுக்கு வந்தாலும் அடங்காது. ஒரு தடவை பிரசங்கம் நடக்கும்போது என் பக்கம் குனிந்து, "ஆர்மோனியத்துல துருத்தி கசியுது" என்றார். நான் தொடையில் கிள்ளினேன். பூசை முடிந்ததும் பாடகர் குழுவிடம் போய் அதையே சொல்லிவிட்டு வந்தார். பார்த்தால் எலி கடித்திருந்தது.

அப்படிப்பட்ட மனுசன் படுத்திருந்த மெத்தையில்தான் காற்று போய்க்கொண்டிருந்தது.

குருத்தோலை ஞாயிறு

அதற்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. என் நாத்தனார் லூர்து அக்கா பாரூர்ப் பக்கத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்தது. அக்காவுக்கு அங்கே ஏரிப் பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் கரும்பும். விடியற்காலையில் அவர்கள் ஊர்க் கோயிலில் ஓலை மந்திரித்து வாங்கிக்கொண்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, மத்தியானச் சோற்றுக்கு வந்துவிட்டது.

அக்கா வருவது தூரத்திலேயே தெரியும். தாலிச் சங்கிலியில் ஊக்குகளைக் கொத்தாக மாட்டியிருக்கும். நடந்தால் சின்னதாக ஒரு சத்தம் வரும். சேலைக்கு ஒன்று, பைக்கு ஒன்று, யாருக்காவது பொத்தான் அறுந்தால் கொடுக்க ஒன்று. "ஊக்கு இல்லாத பொம்பள, பூட்டு இல்லாத வீடு" என்று சொல்லும்.

மந்திரித்த ஓலையைச் சின்னச் சின்னச் சிலுவையாகப் பின்னும். அதை வயலின் தலைமாட்டில் குத்தி வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பயிரைப் பூச்சி தொடாது, காவலுக்கு ஆண்டவர் நிற்பார் என்பது அக்காவின் விசுவாசம். எனக்கும் உண்டு.

எங்கள் வீட்டிலும் வாசல் நிலையில் ஒன்று சொருகியது. அரிசி டிரம்மில் ஒன்று போட்டது. அப்புறம் நான் துணி துவைக்கப் பின்பக்கம் போய்விட்டேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவை நான் வர்றப்ப தம்பி உக்காந்திருப்பான் பாரு புள்ள" என்றது. அவ்வளவு தைரியம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

கறுத்த ஓரம்

மறுநாளிலிருந்தே மெத்தை சோர ஆரம்பித்தது. பம்ப் விடாமல் ஊத ஊத, கொஞ்சம் நின்றது. கரண்ட் போனால் அப்படியே படுத்துக்கொள்ளும். பம்ப்பில்தான் கோளாறு என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எலும்பு என் கையில் தட்டினது புதன்கிழமை.

அன்றைக்கே நர்ஸம்மா கட்டைப் பிரித்தார். ரோஜா நிறத்தில் மூடிக்கொண்டு வந்த புண்ணின் ஓரத்தில் கறுப்புக் கட்டியிருந்தது.

என்னை வெளியே கூப்பிட்டு, "மெத்தையச் சரி பண்ணுங்கம்மா. இப்படியே போனா பெரிய ஆஸ்பத்திரியில சேத்து, செத்த சதைய வெட்டி எடுக்க வேண்டி வரும். அப்புறம் நாற்காலிய மாசக்கணக்கா மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

மெத்தை வாங்கின கடைக்குப் போன் போட்டேன். பெங்களூரிலிருந்து ஆள் வரணுமாம். ஈஸ்டர் லீவு முடிந்து பார்க்கலாம் என்றார்கள்.

ராத்திரியும் பகலும் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தேன். தலையணையை அண்டக் கொடுத்தேன். மண்ணுக்குள் மூச்சை ஊதின ஆண்டவரே, இந்தப் பிளாஸ்டிக்குக்குள் கொஞ்சம் காற்றை நிற்க வையுங்கள் என்று ஜெபமாலையை உருட்டினேன். அவர் அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தார். முன்பெல்லாம் நான் ஜெபம் சொன்னால் பதில் சொல்லுவார். அந்த ரெண்டு நாளும் சொல்லவில்லை. அவருக்குள்ளேயும் ஏதோ இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பயந்தேன்.

பெரிய வெள்ளி

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். மரக்கட்டையைத் தட்டுவார்கள். வீட்டில் கஞ்சி மட்டும். கோவிந்தராஜுக்கும் கம்பெனி லீவு. அவர் இவரைவிட வயசில் சின்னவர், வாரம் தவறாமல் வந்து பார்ப்பார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைக் கையை மடித்தார்.

"அண்ணி, ஒரு மக்குல சோப்புத் தண்ணி கலக்குங்க. அண்ணா, தேடிடலாமா?"

இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ரெண்டு பேருமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்பக்கம் முழுக்கத் தடவினோம். ஒரு குமிழிகூட இல்லை.

"மேல ஒண்ணும் காணோமே" என்றார் கோவிந்தராஜ். "பம்ப்பே போச்சோ என்னவோ."

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "பம்ப் சத்தம் நல்லாத்தான் இருக்குதுடா. அதை நிறுத்து. மெத்தைக்கு வர்ற ரெண்டு குழாயையும் மடிச்சு இறுக்கிப் புடி. காதால பாக்கணும்."

நிறுத்தினோம். ஆனால் எங்கள் லைனில் சத்தம் எங்கே நிற்கும்? ரத்னம்மா வீட்டில் மிக்ஸி. அதற்கு அடுத்த வீட்டில் டிவி. தண்ணி மோட்டார். கடைசி அறையில் தங்கியிருக்கிற கம்பெனிப் பையன்கள் போனில் பாட்டு.

"இதுல எப்படிண்ணா கேக்கும்?"

"கம்பெனியில வார லீவன்னிக்குத்தானடா தேடுவோம். இந்த லைனுக்கு ஏது வார லீவு?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் மிக்ஸி ஜாரோடு எட்டிப் பார்த்த ரத்னம்மா இதைக் கேட்டார். ஜாரோடு திரும்பி, லைனுக்கு நடுவில் போய் நின்று குரல் கொடுத்தார்.

"ஏய், எல்லாரும் சும்னிர்ரீ! டிவி, மோட்டார் எல்லாம் ஆஃப் பண்ணுங்க! சாமி அண்ணன் காத்து தேடுறாரு!"

கடைசி அறையிலிருந்து ஒரு பையன், "காத்து வேணும்னா ஃபேனப் போடச் சொல்லுங்கக்கா!" என்றான்.

"உன் ஃபேனையும் சேத்து ஆஃப் பண்றா! வாயையும் ஆஃப் பண்ணு!"

ஒவ்வொரு சத்தமாக நின்றது. டிவி நின்றது. மோட்டார் நின்றது. பாட்டும் நின்றது. குடி வந்த நாளிலிருந்து எங்கள் லைன் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. தூரத்தில் மாட்டுப் பண்ணையில் ஒரு மாடு கத்தியது. அதுவும் அடங்கியது. எங்களுக்காக நிறுத்தினவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு என்ன நாள் என்றே தெரியாது. ஆனால் கோயிலுக்குள் இருக்கிற அமைதி அங்கே இருந்தது.

இவர் கன்னத்தை மெத்தையில் வைத்தார். மூச்சைப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். நோயாளி முகம் இல்லை, வேலைக்குப் போகிற முகம்.

"அடியில" என்றார். "சுவரோரம். என் இடுப்புக்கு நேரா. ஊசித் துவாரம்தான். வாய் கொஞ்சம் கிழிஞ்சிருக்குது."

கடைசி அறைப் பையன்கள் ஓடி வந்தார்கள். படுக்கை விரிப்போடு அவரைத் தூக்கி ரத்னம்மா வீட்டுக் கட்டிலில் கிடத்தினோம். காற்று மெத்தையைப் புரட்டினோம். அதற்கு அடியில் பஞ்சு மெத்தை. கட்டிலின் சுவரோரத்தில் எப்போதும் என் கை எட்டாத இடத்தில், பஞ்சு மெத்தையின் உறையோடு சேர்த்து ஒரு குருத்தோலைச் சிலுவை ஊக்கால் குத்தியிருந்தது. பாரம் அழுத்தி ஊக்கு வாய் திறந்து, முனை மேலே நின்றது.

கோவிந்தராஜ் சிலுவையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தார். அவர் நெற்றியில் அன்றைக்கும் விபூதி இருந்தது.

அந்தப் பின்னல் யாருடைய கை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

பயிர்

எனக்கு வந்த கோபத்தை என்னென்று எழுதுவேன். புதன்கிழமையிலிருந்து கண் மூடாமல் அவரைப் புரட்டினது, கறுத்த ஓரம், வெட்டணும் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"யாருக்குப் போன்?" என்றார், பக்கத்து வீட்டுக் கட்டிலில் இருந்தபடி.

"உங்க அக்காவுக்குத்தான். காத்து மெத்தையில ஊக்கு குத்தலாமான்னு கேக்கறேன்."

"வை, ஸ்டெல்லா."

"ஏன் வைக்கணும்? உங்க சதைதானங்க போச்சு?"

அவர் மெதுவாகச் சொன்னார். "அக்காவுக்கு மெத்தை தெரியாது. வயல்தான் தெரியும். வயல்ல குத்தி வச்சா பயிரு பொழைக்கும்னு, அடிபட்ட இடத்துல குத்தி வச்சிருக்குது. அதுக்கு நான் பயிரு."

போனை வைத்துவிட்டேன். என் கோபத்துக்கும் காற்று இறங்கிவிட்டது. அப்படி இறங்கினதில் எனக்கே எங்கேயோ ரத்தம் ஓடின மாதிரி இருந்தது.

மெத்தை வந்த பெட்டிக்குள் ஒரு சின்னப் பாக்கெட்டில் ஒட்டுப் பட்டையும் பசையும் இருந்தன. துவாரம் கிழிந்து நீண்டிருந்ததால் ஒரு பட்டை போதவில்லை. கோவிந்தராஜ் ஒன்றை நெடுக்காக ஒட்டி, அது தூக்கிக்கொள்ளாமல் இருக்க இன்னொன்றைக் குறுக்காக ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டுத்தான் என்ன வடிவம் வந்திருக்கிறது என்று பார்த்தார்.

"அண்ணி, நான் வேணும்னு பண்ணல" என்றார். அன்றைக்குச் சிரிக்கக் கூடாத நாள். சிரித்துவிட்டேன்.

பசை காய்ந்து, காற்று ஏறி, அவரைக் கிடத்தி, அடியில் கையை விட்டேன். எலும்பு தட்டவில்லை. நானும் அவரும் சேர்ந்து ஜெபம் சொன்னோம். அவர் பதில் சொன்னார். பக்கத்து வீட்டில் மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது. அதைவிட நல்ல கோயில் மணியை நான் கேட்டதில்லை.

அடுத்த தடவை

புண் ஒரே நாளில் ஆறிவிடவில்லை. கறுப்பு உதிர்ந்து, சிவப்புத் தெரிந்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தோல் வளர்ந்தது. மாம்பழம் வர ஆரம்பித்திருந்த ஒரு நாளில் நர்ஸம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கட்டு வேணாம். காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் உக்கார வைங்க" என்றார்.

அக்காவுக்குச் சொன்னேன். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டது. ஓலைச் சிலுவையைக் கட்டில் தலைமாட்டுக் கம்பியில் நூலால் கட்டியிருந்தேன். அக்கா அதைப் பார்த்தது. தான் வைத்த இடம் அது இல்லை என்று அதற்குத் தெரியும். நான் நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது, சுவரோரம் மெத்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறது.

"இது என்ன புள்ள ஒட்டு?"

நான் நாற்காலியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். இவர்தான் முந்திக்கொண்டார். "கோவிந்தராஜ் ஒட்டினான்க்கா. எங்க கூடச் சேந்து அவனுக்கும் சிலுவை போட வந்துருச்சு."

அக்கா சிரிக்கவில்லை. தலைமாட்டுச் சிலுவையைப் பார்த்தது. ஒட்டைப் பார்த்தது. ஒட்டின் மேல் விரலை வைத்து ஒரு தடவை தடவியது. அப்புறம் தாலிச் சங்கிலியைக் கையில் எடுத்து, ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தது. எல்லாவற்றையும் கழற்றி, கழுத்தைத் தடவிப் பார்த்து, ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் தம்பியின் கட்டிலுக்குக் கிட்டே வந்தது.

"வா புள்ள, நீ அந்தப் பக்கம் புடி. தூக்கி உக்கார வைக்கலாம்."

உட்கார வைத்தோம். முதலில் தலை சுற்றியது அவருக்கு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்த கண். வாசல் வழியாக ரத்னம்மா, துணிக் கொடி, அப்பால் ஒரு டவுன் பஸ், எல்லாவற்றையும் அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"வெளிய தள்ளிட்டுப் போறியா ஸ்டெல்லா?" என்றவர், கட்டை விரலால் சக்கரத்தை அமுக்கினார். "அட, மடிச்சே வச்சிருந்ததுல டயர்ல காத்து இறங்கிக் கெடக்குது."

பழைய பழக்கத்தில் கட்டில் பக்கம் திரும்பி மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்கு என்ன? அடிச்சாப் போச்சு."

ரத்னம்மா வீட்டிலிருந்து சைக்கிள் பம்ப் வந்தது. நான் வாங்கப் போனேன். லூர்து அக்கா குறுக்கே கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டது. சேலையை இழுத்துச் செருகி, பம்ப்பைக் காலால் மிதித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. சங்கிலியில் சத்தமே இல்லை. காற்று ஏறுகிற சத்தம் மட்டும்.

"போதும்க்கா, வெடிச்சுடப் போவுது" என்றார் இவர்.

"சும்மா இருடா" என்றது அக்கா. குனிந்து, தானே ஒரு தடவை டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு அடி அடித்தது.